மனு வாங்கும் பக்கம்

(ஆயக்குடியில் அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தேர்வுக்குப் படிக்கிறவர்கள் முன்னால் வந்து நின்றால் ஒரு கேள்வியோடு தொடங்குவதுதான் மரியாதை. எந்தெந்தக் காரணங்களைக் காட்டி அரசு ஒரு குடிமகனைப் பாகுபடுத்தக் கூடாது என்று அரசியலமைப்பின் பிரிவு 15(1) சொல்கிறது?

மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம். ஐந்தும் ஒரே மூச்சில் வந்துவிட்டன. ஆயக்குடிக்காரர்களிடம் கேட்டால் அப்படித்தான் வரும். இலவசமாகச் சொல்லிக்கொடுத்து, மரத்தடியில் உட்காரவைத்து, மாநிலம் முழுக்கப் பிள்ளைகளை அரசு வேலைக்கு அனுப்பிய ஊர் இது. கொய்யாவுக்கு அடுத்து இந்த ஊர் வெளியூருக்கு அனுப்புவது விஏஓக்களையும் இளநிலை உதவியாளர்களையும்தான்.

சரி, அந்த ஐந்தில் உடற்குறை இருக்கிறதா? இல்லை. 1950இலும் இல்லை, நூற்றுக்கு மேல் திருத்தங்கள் வந்த பிறகும் இல்லை. அப்படியானால் மாற்றுத்திறனாளிகளான நாங்கள் அரசியலமைப்பில் எங்கேதான் இருக்கிறோம்? ஏழாவது அட்டவணை, மாநிலப் பட்டியல், 9ஆம் பதிவைப் பாருங்கள். ஊனமுற்றோருக்கும் வேலைக்கு லாயக்கில்லாதோருக்கும் நிவாரணம் தருவது மாநிலத்தின் பொறுப்பு என்று இருக்கும். இரண்டு பேரையும் ஒரே வரியில் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். அதைவிட்டால் பிரிவு 41. வேலையின்மை, முதுமை, நோய், உடல் இயலாமை ஆகிய நேரங்களில் அரசு தன் பொருளாதார சக்திக்கு உட்பட்டு உதவ வேண்டும். அது நெறிமுறைக் கோட்பாடு என்பதும், அதை வைத்து நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியாது என்பதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதை நான் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. 1949இல் உலகம் முழுவதும் அப்படித்தான் நினைத்தது. ஆனால் அந்த நினைப்பு சட்டப் புத்தகத்தோடு நிற்கவில்லை, அலுவலக நாற்காலிகளின் ஏற்பாடு வரைக்கும் வந்துவிட்டது. திங்கட்கிழமை காலையில் ஏதாவது ஒரு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்ப் பாருங்கள். குறைதீர்க்கும் நாள். மூன்று சக்கர சைக்கிள்களும் இணைப்புச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர்களும் வரிசையாக நிற்கும். ஆட்சியரே இறங்கிவந்து மனு வாங்குவார், படம் எடுப்பார்கள், மறுநாள் பேப்பரில் வரும். இறங்கிவந்தது நல்ல விஷயம்தான், நான் கேலி செய்யவில்லை. என் கண்ணில் படுவது வேறு. இந்த ஏற்பாட்டில் மாற்றுத்திறனாளி எப்போதும் மனு கொடுக்கும் பக்கத்தில்தான் இருப்பார். அடையாள அட்டைக்கு மனு, உதவித்தொகைக்கு மனு, ஸ்கூட்டருக்கு மனு, ஸ்கூட்டர் ரிப்பேருக்கு மனு. மனு வாங்குகிற பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்தேன்.

நான் காலிபர் மாட்டி நடக்கிறவன். போலியோ. இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸ் தாக்கிய கடைசி நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் போலியோ ஒழிந்தது என்று சான்று தந்தது. ஆக, என் வகைக்காரர்கள் இன்னும் கொஞ்ச காலத்தில் இருக்க மாட்டார்கள். அதில் எனக்கு முழு மகிழ்ச்சி. ஆனால் இந்த நாட்டின் மாற்றுத்திறனாளி இயக்கத்தில் மேடையேறிப் பேசியவர்களில் கணிசமானவர்கள் கால் விளங்காத, வாய் நன்றாக விளங்கிய என்னைப் போன்ற ஆண்கள்தான். அந்தக் குறையைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் உரிமைகள் மனுவால் வந்தவை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1995 டிசம்பரில் நாடாளுமன்றக் கூட்டத்தொடர் முடியப்போகும் நேரம். மாற்றுத்திறனாளி உரிமைப் போராளி ஜாவேத் அபிதியும் தோழர்களும் டெல்லியில் தெருவில் இறங்கினார்கள். சில நாட்களில் மாற்றுத்திறனாளிகள் சட்டம் நிறைவேறியது. வேலைவாய்ப்பில் 3 சதவீதம் சட்டமானது அதில்தான். 2006இல் ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை. 2007 அக்டோபரில் இந்தியா அதை ஏற்றது. அதற்கு ஏற்ற புதிய சட்டம் வர 2016 டிசம்பர் வரை ஆனது. ஏழு வகைக் குறைபாடு 21 ஆனது, 3 சதவீதம் 4 ஆனது. கட் ஆஃப் கணக்கிடும்போது நீங்கள் பார்க்கும் அந்த 4 சதவீதத்துக்குப் பின்னால் இவ்வளவு கதை இருக்கிறது.

நம் மாநிலத்திலும் அப்படியே. 2013இல் சென்னையில் பார்வையற்ற பட்டதாரிகள் வேலை கேட்டு நாள்கணக்கில் போராடினார்கள். சாலையில் உட்கார்ந்தவர்களை வேனில் ஏற்றி, நகரத்துக்கு வெகுதூரத்துக்கு அப்பால் இறக்கிவிட்டுப் போனார்கள் என்று அவர்கள் புகார் சொன்னது அப்போது செய்திகளில் வந்தது. கண் தெரியாதவரைத் தெரியாத இடத்தில் இறக்கிவிடுவது எப்படிப்பட்ட தண்டனை என்று யோசித்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் அவர்கள் திரும்ப வந்து உட்கார்ந்தார்கள்.

உதவித்தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2023 ஜனவரியில் 1,000 ரூபாயை 1,500 ஆக்கினார்கள். நாளுக்கு 50 ரூபாய். ஆந்திரத்தில் 2024இல் 3,000 ரூபாய் 6,000 ஆனது, முழுக்கப் படுத்த படுக்கையாக இருப்பவருக்கு 15,000. ஆந்திரத்து அதிகாரிகள் நம் அதிகாரிகளைவிட இளகிய மனசுக்காரர்களா? இல்லை. அது அங்கே தேர்தல் வாக்குறுதியாக இருந்தது. ஓட்டாக எண்ணப்பட்டதால் ஏறிய தொகை. நலத்திட்டத்தில் அரசியல் பேசாதீர்கள் என்று எங்களுக்கு அறிவுரை சொல்பவர்கள் நிறையப் பேர். அரசியல் பேசாமல் கிடைத்தது என்னவென்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

இனி 2025க்கு வருகிறேன். அந்த ஆண்டு ஏப்ரலில் நம் சட்டமன்றம் இரண்டு சட்டத்திருத்தங்களை நிறைவேற்றியது. பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி ஒவ்வொன்றிலும், கிராம ஊராட்சி, ஒன்றியம், மாவட்ட ஊராட்சி ஒவ்வொன்றிலும் மாற்றுத்திறனாளி ஒருவரையாவது நியமன உறுப்பினராக்க வேண்டும். நகர்ப்புறத்தில் மட்டும் ஏறத்தாழ 650 பேர். கிராமப்புறத்தில் 12,000க்கு மேல். அந்த நேரத்தில் நகர்ப்புற மன்றங்களில் எத்தனை மாற்றுத்திறனாளிகள் இருந்தார்கள் தெரியுமா? அரசு சொன்ன கணக்குப்படி 35 பேர். 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்த மொத்த வார்டுகள் 12,838. முந்நூற்று அறுபதுக்கு ஒருவர்கூட இல்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களில் மாற்றுத்திறனாளிகள் 1.64 சதவீதம். அதுவே குறைத்து எண்ணியது என்பது எங்கள் வாதம். அந்தக் குறைந்த கணக்கை வைத்தாலும் 210 பேர் இருந்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் நினைவில் வையுங்கள். சில ஆண்டுகளுக்கு முன்புவரை இந்த மாநிலத்தின் ஊராட்சிச் சட்டத்தில், காது கேளாத வாய் பேசாத ஒருவர் தேர்தலில் நிற்கவே தகுதியில்லாதவர் என்று எழுதியிருந்தது. ஒடிசாவில் தொழுநோய் வந்த ஒருவரின் நகராட்சிப் பதவியைப் பறித்ததை 2008இல் உச்ச நீதிமன்றமே சரி என்றது. நிற்கக்கூடாது என்ற இடத்திலிருந்து, ஒருவராவது இருந்தே ஆகவேண்டும் என்ற இடத்துக்கு வந்திருக்கிறோம். அந்தத் திருத்தம் நிறைவேறிய செய்தியைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. கொண்டாடத்தான் வேண்டும்.

கொண்டாடிவிட்டு, பிரிவு 243ஆர்-ஐ எடுத்து வையுங்கள். நகராட்சி அமைப்புகளில் நியமிக்கப்படும் உறுப்பினருக்கு மன்றக் கூட்டத்தில் வாக்களிக்கும் உரிமை கிடையாது என்று அங்கே அச்சடித்திருக்கிறது. ஆக, உட்காரலாம், பேசலாம், கை தூக்க முடியாது. ராஜ்யசபாவில் குடியரசுத் தலைவர் நியமிக்கும் 12 பேரும் மசோதாவுக்கு வாக்களிக்கலாம். பக்கத்தில் இலங்கையைப் பாருங்கள். 2024 தேர்தலுக்குப் பிறகு தேசியப் பட்டியல் வழியாக சுகத் வசந்த டி சில்வா என்ற பார்வையற்றவர் நாடாளுமன்ற உறுப்பினரானார். அந்த நாட்டில் அப்படி வந்த முதல் பார்வையற்றவர் அவர்தான். பட்டியல் வழியாகத்தான் வந்தார், ஆனால் வாக்கு முழு வாக்கு. உகாண்டா இன்னும் மேலே போய்விட்டது. 1990களிலிருந்தே அங்கே நாடாளுமன்றத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு ஐந்து இடங்கள். கீழே உள்ளாட்சி மன்றங்களிலும் ஆணும் பெண்ணுமாக இடம் உண்டு. அவர்களை அதிகாரி நியமிப்பதில்லை, மாற்றுத்திறனாளிகளே கூடித் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இதில்தான் எனக்குக் கவலை. யார் நியமிக்கிறாரோ அவருக்கு நன்றி சொல்லும் பழக்கம் நம் ரத்தத்தில் ஊறியது. நியமன உறுப்பினர் தலைவருக்குச் சால்வை போர்த்திவிட்டு மூலையில் உட்கார்ந்துவிட்டால், மனு கொடுக்கும் பக்கத்தையே கூட்ட அரங்குக்குள் கொண்டுபோய் வைத்ததாகத்தான் ஆகும். ஊரில் அடையாள அட்டை வைத்திருக்கும் எல்லோரும் ஒரு நாள் கூடி மூன்று பெயர்களை எழுதிக்கொடுக்கட்டும், அதிலிருந்து ஒருவரை நியமிக்கட்டும். இதற்கு அரசியலமைப்பைத் திருத்த வேண்டாம், விதியில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

அப்படிக் கூடும்போது யார் யார் வருவார்கள்? இதைத்தான் பிறகு சொல்கிறேன் என்றேன். ஸ்கூட்டர் ஓட்டத் தெரிந்த போலியோக்காரர் வருவார். சைகை மொழியில் பேசும் பெண்ணைக் கூப்பிட்டால், மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் ஏற்பாடு செய்தோமா? அறிவுசார் குறைபாடுள்ள இருபது வயதுப் பையனின் அம்மா, அவனை யாரிடம் விட்டுவிட்டு வருவார்? மனநோயோடு வாழ்பவர்களை இந்தக் கணக்கில் சேர்க்கவே நமக்கு மனம் வராது. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம். சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் செத்தார்கள். தீப்பிடித்தபோது ஓட முடியவில்லை. அதற்கு முன்னால் அவர்களில் ஒருவரிடமாவது எந்தக் கட்சியாவது ஓட்டுக் கேட்டிருக்குமா? யாரையும் எந்த வகையிலும் சங்கிலியில் பிணைக்கக் கூடாது என்று சட்டத்தில் எழுத 2017 வரை காத்திருந்தோம். மனநலமில்லாதவர் என்று நீதிமன்றம் அறிவித்துவிட்டால் இன்றைக்கும் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்காது. மாற்றுத்திறனாளி அரசியல் என்று நான் சொல்வது என்னைப் போன்றவனுக்கு நாற்காலி பிடிப்பதோடு முடிந்தால், ஏர்வாடியில் செத்தவர்களுக்கு அதில் இடமில்லை.

சிலர் கேட்பார்கள், ஒரு பேரூராட்சிக் கூட்டத்தில் அப்படி என்ன பெரிய அதிகாரம் என்று. தம்பி, ஒரு மனிதனுக்குக் கால் விளங்காமல் போவது நோயால். அவன் வீட்டைவிட்டு வெளியே வர முடியாமல் போவது வாய்க்கால் மேல் பலகை போடாததால். பேருந்து நிலையத்துக் கழிப்பறை வாசலில் ஓரடி உயரப் படி. ரேஷன் கடைக் கவுண்டர் என் தோளுக்கு மேலே. சாலை போட்டுப் போட்டு உயர்ந்துவிட்டதால் வீடுகள் பள்ளத்தில். இவையெல்லாம் யார் தீர்மானத்தில் வருகின்றன? டெல்லியிலா? நம் தெருவில் ஓட்டுக் கேட்டு வந்தவரின் கையெழுத்தில். முடியுமா முடியாதா என்ற கேள்விக்கு இங்கிருந்து பார்த்தால் தெரியும் மலையே பதில். பழனியில் 1960களிலேயே விஞ்ச் வந்துவிட்டது, 2004இல் ரோப் கார் வந்தது. படியேற முடியாத பக்தருக்கு முருகன் எட்டாமல் போய்விடக் கூடாது என்று பணம் ஒதுக்கி, இன்ஜினீயரைக் கூட்டிவந்து, மலையில் தண்டவாளம் போட்ட சமூகம் இது. அதே சமூகம் மாடியில் இருக்கும் ஓர் அரசு அலுவலகத்தைக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுவர நிதி இல்லை என்று சொன்னால் நான் எப்படி நம்புவது?

பெரிய பதவியில் இருந்தால் இந்தத் தொல்லை இராது என்றும் நினைக்க வேண்டாம். ஐந்து முறை முதலமைச்சராக இருந்த கலைஞர் கருணாநிதி, 2011இல் திருவாரூரில் ஜெயித்த பிறகு, தன் சக்கர நாற்காலிக்கு ஏற்ற இருக்கை வசதி அவைக்குள் இல்லை என்று சொல்லி, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பியதை நீங்கள் படித்திருப்பீர்கள். அதில் கட்சிச் சண்டையும் இருந்தது, இரு தரப்பும் ஒருவரையொருவர் குறை சொன்னார்கள். சண்டையை விடுங்கள். மாநிலத்தின் மிக உயர்ந்த அவையில் ஒரு சக்கர நாற்காலியை எங்கே நிறுத்துவது என்பது ஒரு விவாதமாகவே ஆனது. அவருக்கே அந்த நிலை என்றால், ஒரு வார்டு உறுப்பினருக்கு யார் சரிவுப் பாதை போட்டு வைத்திருப்பார்கள்?

தேர்தல் ஆணையம் 2024இல் நாடு முழுவதும் 85 வயது கடந்தவர்களுக்கும் 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளவர்களுக்கும் வீட்டிலிருந்தே வாக்களிக்கும் வசதி தந்தது. படுக்கையில் இருப்பவருக்கு அது வரம். எனக்கு வேண்டாம். நான் வரிசையில் நிற்க வேண்டும், என் பின்னால் நிற்பவர் என்னால் கொஞ்சம் தாமதமாக வேண்டும், பள்ளிக்கூடத்து வாசற்படி இடைஞ்சலாக இருக்கிறது என்று அவரும் முணுமுணுக்க வேண்டும். நாங்கள் எல்லோரும் வீட்டிலேயே ஓட்டுப் போட்டுவிட்டால் அந்தப் படியை இடிக்க வேண்டிய அவசியம் யாருக்கும் வராது. மறுநாள் அதே படியில்தான் ஒரு குழந்தை பள்ளிக்கூடம் போக வேண்டும்.

பள்ளிக்கூடம் என்றதும் ஒரு சம்பவம் நினைவுக்கு வருகிறது. 2024 ஆகஸ்ட், சென்னை அசோக் நகர் அரசுப் பெண்கள் பள்ளி. ஆன்மிகச் சொற்பொழிவாளர் ஒருவர் மாணவிகளிடம், குறைபாட்டோடு பிறப்பது முற்பிறவிப் பாவம் என்ற அர்த்தத்தில் பேசினார். கேட்டுக்கொண்டிருந்த பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்து அங்கேயே கேள்வி கேட்டார். அந்த வீடியோ ஊரெல்லாம் பரவியது, பேச்சாளர் கைதானார். பலருக்குக் கைதுதான் நினைவிருக்கிறது. எனக்கு அந்த ஆசிரியர் எழுந்து நின்றதுதான் பெரிதாகப் படுகிறது. அவர் யாரிடமும் மனு கொடுக்கவில்லை.

அடுத்த ஆண்டு மார்ச் 3இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும் ஒரு தீர்ப்புத் தந்தார்கள். பார்வையற்றவர்கள் நீதித்துறைப் பணிக்கு வரக்கூடாது என்ற மத்தியப் பிரதேச விதி ரத்தானது. அந்த வழக்கு ஒரு தாயின் கடிதத்திலிருந்து பிறந்தது. குறைபாட்டைக் காட்டிப் பாகுபடுத்தக் கூடாது என்ற உரிமைக்கு அடிப்படை உரிமையின் அந்தஸ்து தரவேண்டிய காலம் வந்துவிட்டது என்றும் நீதிபதிகள் சொன்னார்கள். நான் முதலில் கேட்ட கேள்விக்கு 75 ஆண்டு கழித்து வந்த பாதிப் பதில் அது. மீதிப் பதில், பிரிவு 15இல் ஆறாவது காரணத்தைச் சேர்ப்பது. அதை நாடாளுமன்றம்தான் செய்ய முடியும். அதனால்தான் அரசியல் என்கிறேன்.

உரை முடிந்ததும், முன்வரிசையில் இருந்த தங்கை ஒருவர் கேட்டார்: “சார், எனக்குப் பார்வை குறைவு. ஸ்க்ரைப் வைத்துத்தான் தேர்வு எழுதுகிறேன். வேலை கிடைத்தால் அரசு ஊழியர் நடத்தை விதிப்படி அரசியலில் சேர முடியாது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் நாங்கள் குரூப் 4 எழுதக்கூடாதா?”

என் பேச்சில் நான் கவனிக்காத ஓட்டையை அவர் பிடித்தார். உண்மைதான். 4 சதவீத இடஒதுக்கீடு எங்களில் நன்றாகப் படித்தவர்களையெல்லாம் அலுவலகத்துக்குள் கூட்டிப்போகிறது, 1973ஆம் ஆண்டு நடத்தை விதிகள் அங்கே அவர்கள் வாயை மூடுகின்றன. தெருவில் மிச்சமிருப்பவர்கள் படிக்க வாய்ப்பில்லாதவர்கள். இதற்கு என்னிடம் சுலபமான வழி எதுவும் இல்லை. ஆனால் நான் அவரிடம் சொன்னது இது: “அம்மா, தேர்வை எழுதுங்கள். மதுரையில் பூரண சுந்தரி கண் தெரியாமலேயே எழுதித்தான் 2019 குடிமைப் பணித் தேர்வில் 286ஆம் இடம் வாங்கினார். நாளைக்கு நீங்கள் தாலுகா ஆபீசில் மனு வாங்கும் பக்கத்தில் உட்காருவீர்கள், அதுவும் நான் கேட்டதுதான். ஆனால் பணி ஆணை கைக்கு வரும்வரை எந்த நடத்தை விதியும் உங்களைக் கட்டுப்படுத்தாது. அதற்குள் ஒரு வேலை இருக்கிறது. 2016 சட்டத்தின் 45ஆவது பிரிவுப்படி, பழைய பொதுக் கட்டடங்களையும் மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும்படி மாற்றுவதற்குத் தந்த ஐந்தாண்டுக் கெடு 2022 ஜூனில் முடிந்துவிட்டது. உங்கள் ஊர் உள்ளாட்சியின் கட்டடங்களில் எத்தனையை மாற்றினீர்கள், எவ்வளவு செலவு செய்தீர்கள், எந்தத் தேதித் தீர்மானம் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், முப்பது நாளில் பதில் வர வேண்டும். அந்தப் பதிலை உங்கள் ஊர் நியமன உறுப்பினரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். அடுத்த கூட்டத்தில் அவர் எழுந்து பேசுவதற்குக் கையில் ஒரு காகிதமாவது இருக்கும்.”

“அவர் பேசாவிட்டால்?” என்றார் அந்தப் பெண்.

“அடுத்த தேர்தலில் வேறொருவரை வார்டில் நிறுத்தி ஜெயிக்க வையுங்கள். ஜெயித்து வருகிறவருக்கு ஓட்டு உண்டு” என்றேன். அதற்குள் மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது.